களப்பு வெளியில் ஒரு கட்டளை

வாசகரே, நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். சாட்சியாக இருந்தால் போதும். விவாத மேடைகளில் நான் எப்போதும் நடுவரை விளித்தே பேச்சைத் தொடங்கியிருக்கிறேன். நடுவரின் மேசையில் ஒரு மணி இருக்கும். அவர் விரும்பிய இடத்தில் என் வாக்கியத்தை அது வெட்டிவிடும். இன்று மணி இல்லை, எதிரணி இல்லை, தீர்ப்பும் வேண்டாம். ஒரு மனிதனின் உடல் தன் சொந்தக்காரனைக் கேளாமல் திரும்பியதை நான் கண்டேன். அதை நான் மட்டும் கண்டதாக இருக்கக் கூடாது. ஆகவே உங்களை அழைத்துச் செல்கிறேன்.

எங்கள் ஊர் கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கிறது. மேற்கே கடல், கிழக்கே களப்பு என்னும் உப்புநீர்க் காயல். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு அலையில் சறுக்குவார்கள். களப்புப் பக்கம் யாரும் வருவதில்லை. மழை ஓய்ந்த மாதங்களில் களப்பு நீர் பின்வாங்கி, சாம்பல் நிறத்தில் ஒரு பெருவெளியை விட்டுச் செல்லும். அதன் மேல் தோல் வெயிலில் இறுகி, உப்புப் பூத்து, ஓடுவதற்கு மேடை போட்டதுபோல் இருக்கும். வடக்குப் பகுதிக்கு மட்டும் யாரும் போவதில்லை. அங்கே கைவிடப்பட்ட இறால் பண்ணையின் பழைய வாய்க்கால் ஒன்று களப்பு வரை போகிறது. அதைச் சுற்றிலும் மேல் தோல் இறுகியதுபோலத்தான் தெரியும். கீழே சேறு எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. மாடுகள் அதில் புதைந்து போயிருக்கின்றன.

அந்த வெளியில்தான் நானும் என் மாமி மகனும் படைப் பயிற்சிக்கு எங்களைத் தயார்செய்தோம். இருவரும் தெரிவாகியிருந்தோம். முகாமுக்குப் போக இன்னும் சில வாரங்களே இருந்தன. முதல் மாதத்தில் தாக்குப்பிடிக்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது ஒரு தோல்வி மட்டுமே. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். மச்சானுக்கு அடுத்த தடவை கிடையாது. வயதெல்லை அவனைத் தொட்டுவிட்டது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டு உப்பளத்தில் மூட்டை சுமந்தவன் அவன். இந்த வாசல் மூடினால், அதே மூட்டை அதே தோளில் ஏறும்.

எங்கள் குறைகள் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருந்தன. அவனுக்கு உடம்பு இருந்தது, சிங்களம் இல்லை. எனக்குச் சிங்களம் இருந்தது, உடம்பு இல்லை. மாகாண மட்ட விவாதங்களில் இரு மொழியிலும் கோப்பை வாங்கிய நான், ஈர மணல் நிரப்பிய உரப் பையைத் தோளில் வைத்து எழுந்து நிற்க முடியாமல் முழங்கால் மடிந்து விழுந்தேன்.

"மைக்கைத் தூக்கித் தூக்கி ஒனக்கு ஒரு கைதான் வளந்தீக்கி," என்றான் மச்சான். "மத்தக் கையையும் வீட்டுலயிருந்து கொண்டு வந்தியா, இல்லையா?"

"எழும்ப ஏலாதுடா."

"ஏலாதெண்டு செல்லுறதுக்கு மட்டும் மூச்சு வருது. அந்த மூச்ச எடுத்துத் தூக்கு."

தூக்கினேன். நாளடைவில் அந்தப் பையுடன் ஓடினேன். பனையடியில் கிடந்த பழைய தோணியின் விளிம்பைப் பிடித்து உடலை உயர்த்தவும், உப்பு உள்ளங்கையை அறுக்க அறுக்க மண்ணில் கையூன்றி எழவும் பழகினேன். காலையில் சட்டை போடும்போது கைகள் சட்டைக்குள் புதிதாக நுழைவதுபோல் இருந்தன. இதற்கெல்லாம் கைம்மாறாக நான் அவனுக்குக் கொடுக்க வேண்டியது கட்டளைச் சொற்கள். முகாமில் எல்லாக் கட்டளையும் சிங்களத்தில் வரும். வமட்ட என்றால் இடப்பக்கம். தகுணட்ட என்றால் வலப்பக்கம். நவத்தின் என்றால் நில். முதலில் இந்த மூன்றும் வந்துவிட்டால், மற்றவை பின்னாலேயே வரும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் சொல்லே வரவில்லை. "வமட்ட!" என்று நான் குரல் கொடுத்தால் அவன் பளிச்சென்று வலப்பக்கம் திரும்பி, பெருமையோடு மார்பை நிமிர்த்தி நின்றான்.

"அது வலம்டா! வமட்ட எண்டா இடம்!"

"வானாவுல தொடங்கினா வலம்தானேடா. குர்ஆன் மதரசாவுல இருந்து அப்படித்தான் படிச்சீக்கிறேன்."

"அது தமிழ். இது சிங்களம்."

"அப்ப இவங்க ஏன் எங்கட வானாவ எடுத்துத் தங்கட இடக்கைக்கு வெச்சீக்கிறாங்க? கேட்டுப் பாத்தியா?"

சிரித்தோம். ஆனால் முகாமில் முழு அணியும் இடப்பக்கம் திரும்ப, இவன் மட்டும் வலப்பக்கம் திரும்பி அடுத்தவன் மூக்கோடு மூக்கு மோதி நிற்பதை நான் மனக்கண்ணில் கண்டேன். அந்த நொடியிலேயே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோய் எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தேன். அவன் யோசிக்கிறான், சிங்களத்தில் கேட்டு, தமிழில் தேடி, பின் திரும்புகிறான். தேடும் இடத்தில்தான் பிழை புகுகிறது. ஆகவே தேடலையே எடுத்துவிட வேண்டும். சொல் காதில் விழுந்தவுடன் எலும்பு திரும்ப வேண்டும். நடுவில் யாரும் இருக்கக் கூடாது.

மேடைப் பேச்சில் எனக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம், குரலைத் தொண்டையிலிருந்து எடுக்காதே, அடிவயிற்றிலிருந்து எடு என்பது. அந்தக் குரலை அவன் மீது செலுத்தினேன். முதுகைக் காட்டி அவனை நிறுத்தி, என்னைப் பார்க்க முடியாத தூரத்திலிருந்து கட்டளையிட்டேன். ஒவ்வொரு விடியலிலும், சுபஹுத் தொழுகை முடிந்ததும், வெளி வெளுக்கத் தொடங்கும்போது. யோசிக்கும் நேரத்தை அவனுக்கு நான் கொடுக்கவில்லை. ஒரு சொல்லின் வால் முடியும் முன் அடுத்த சொல்லை எறிந்தேன். ஒருநாள் காலை பிழை நின்றது. வமட்ட என்றேன், இடம் திரும்பினான். தகுணட்ட என்றேன், வலம் திரும்பினான். முணுமுணுப்பாகச் சொன்னேன், அதற்கும் திரும்பினான். அரங்குகளைக் கைதட்ட வைத்திருக்கிறேன், வாசகரே. ஒரு மனிதனின் இடுப்பெலும்பை அசைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையை மறைக்க மாட்டேன். அது இனித்தது.

பிறகு நடந்தது சாப்பாட்டுக் கடையில். அவன் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி, வெங்காயத் தோட்டத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு லொறி நின்றது. சாரதி தலையை நீட்டி, ஆலங்குடாவுக்கு எந்தப் பக்கம், "தகுணட்டத?" என்று கேட்டார். வலப்பக்கமா என்பது கேள்வி. மச்சானின் குதிகால் சுழன்றது. கதையின் நடு வாக்கியத்தில், வாய் திறந்தபடியே, அவன் வலப்பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்து விறைத்து நின்றான். தேநீர் சுவரில் தெறித்து ஒழுகியது.

கடையே அதிரச் சிரித்தார்கள். "ஆமிக்குப் போக முந்தியே பையன் ஆமியாகிட்டானே!" என்று கல்லாவில் இருந்தவர் மேசையில் தட்டினார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நான் அவனுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிய முகத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான் ஒருவனே. கண்கள் திறந்திருந்தன. உள்ளே ஆள் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருக்க, கதவு திறந்து கிடக்க, வீட்டில் ஒருவரும் இல்லாததுபோல் இருந்தது அந்த முகம். பின்பு அவன் திரும்பி வந்தான். தன் கையிலிருந்த வெறுங் கோப்பையைப் பார்த்தான்.

"ஆரு மச்சான் டீயக் கொட்டினது?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் மாமி என்னை வேலியோரம் கூப்பிட்டார். "மகன், நீ அவனுக்கு என்னத்தப் படிச்சிக் குடுக்கிற? ராவைக்கு நித்திரையில காலை மாத்துறான். படுத்தபடிதான், ஆனா வரிசையில நிக்கிற மாதிரி. நான் கூப்புட்டா எழும்புறான் இல்ல. நேத்து அடுத்த வீட்டு டீவியில சிங்கள நியூஸ் போச்சி. அதுக்குத் திரும்பிப் படுத்தான்."

"பழகினதால வாறது மாமி. நல்லதுக்குத்தான்," என்றேன்.

"நல்லதாக்கும்," என்றார் மாமி. ஆனால் என் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அதில் ஏதோ கறை இருப்பதுபோல்.

அதன் பின் வந்த ஒரு விடியலில் பனி இறங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் பனி என்றால் புல்லில் ஈரம். அன்று இறங்கியது வேறு. களப்பிலிருந்து வெள்ளையாக எழுந்து, தரையை மூடி, வானத்தை மூடி, நீட்டிய கையின் விரல்களை மூடியது. பள்ளிவாசல் விளக்கு நாலடி தள்ளியதும் அணைந்துபோயிற்று. திரும்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மச்சான் அன்றுதான் முதல் தடவையாகப் பூட்ஸ் மாட்டியிருந்தான். யாரோ பயிற்சி முடித்தவரிடம் வாங்கிய பழைய கறுப்புப் பூட்ஸ். அதைக் கழற்ற அவனுக்கு மனமில்லை.

"பனிக்குப் பயந்தா பங்கருக்குள்ள என்ன செய்வ?" என்றான். "நேராக் கிழக்கால ஓடி, வலைக் கம்புகளத் தொட்டுட்டு வாரது. ஒனக்கு ஏலாட்டி நடுவுல நில்லு. நான் வந்து ஒன்னப் பொறுக்கிட்டுப் போறன்."

ஓடினோம். அவன் பூட்ஸின் சத்தம் எனக்கு முன்னால் சீராகப் போயிற்று. வெளியின் நடுவில் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது, நின்றேன். சத்தம் விலகி விலகிப் போய் இல்லாமலாயிற்று. அந்த வெள்ளைக்குள் நிற்பது எப்படி இருந்தது என்று சொல்ல முயல்கிறேன். என் கால்கள் எனக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. அதுவும் பக்கத்தில் வேறொருவர் விடும் மூச்சுப் போலக் கேட்டது. தனிமையைக் கலைக்க ஒரு தடவை இருமினேன். பனி அதை விழுங்கி, சற்று நேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு இருமலாகத் திருப்பித் தந்தது. சமவெளியில் எதிரொலி வராது என்று எனக்குத் தெரியும். காவலுக்கு ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டேன்.

பிறகு பூட்ஸ் சத்தம் திரும்பி வந்தது. கரையை நோக்கி, மேற்கு முகமாக வந்தது. ஆனால் என்னிடம் வரவில்லை. எனக்கு வடக்கே, நான் எதிர்பார்த்ததைவிட வெகு தொலைவில் போய்க்கொண்டிருந்தது. பனியில் திசை தவறியிருக்கிறான். இன்னும் கொஞ்சம் வடக்கே சரிந்தால் வாய்க்கால் சேறு. நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஆளில்லாத குரல். பனியே பேசியதுபோல்.

"தகுணட்ட!"

பூட்ஸ் ஒரு கணம் நின்றது. தட் என்று குதிகால் திரும்பும் ஓசை. நான் பழக்கிய, பிழையற்ற ஓசை. மறுபடி நடை. முதலில் மேல் தோல் அப்பளம்போல் நொறுங்கியது. அதன்பின் நொறுங்கவில்லை, சளக், சளக் என்றது. மேற்கு நோக்கி வந்தவனின் வலக்கைப் பக்கம் வடக்கு. அவன் சேற்றுக்குள் அணிவகுத்துப் போகிறான்.

"நில்லுடா மச்சான்! அங்கால போவாத!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். நடை மாறவில்லை.

குரல் பதறியது, இன்னும் உரக்க வந்தது. "தகுணட்ட யன்ன!" வலப்பக்கம் போ என்றே என் காதிலும் விழுந்தது. மறுபடி குதிகால் திரும்பியது. இப்போது அவன் கரைக்கு முதுகு காட்டி, வாய்க்காலோடு களப்பை நோக்கிப் போனான். அந்தக் குரல் எவ்வளவு அஞ்சியதோ அவ்வளவு வேகமாக அவன் அதற்குக் கீழ்ப்படிந்தான். கீழ்ப்படியக் கீழ்ப்படிய அது மேலும் அஞ்சியது. பனிக்குள் இரண்டும் ஒன்றையொன்று துரத்தின.

அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். என் வாழ்நாளில் எந்த மேடையிலும் அப்படி எடுத்ததில்லை.

"நவத்தின்!"

நின்றான். எல்லாம் நின்றது. வெற்றி பெற்றுவிட்டேன் என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தேன். அப்புறம்தான் அந்த மெல்லிய ஓசை கேட்டது: ஈரத் துணியைப் பிழிவதுபோல, மெதுவாக, இடைவிடாமல். நடப்பவனைச் சேறு மேலோட்டமாகத்தான் பிடிக்கும், நிற்பவனை விழுங்கும். விறைத்து நின்றபடி, கைகளைத் தொடையோடு ஒட்டி, அவன் இறங்கிக்கொண்டிருந்தான். படுத்தால் சேறு தாங்கும், ஆனால் படு என்பதற்கு நான் அவனுக்குக் கட்டளை கற்பிக்கவில்லை. அந்தச் சொல் எங்கள் பாடத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

அவன் இருந்த பக்கம் ஓடினேன். அவன் குரல் எழுப்பவில்லை என்பதால், சேற்றின் ஓசை வந்த பக்கம். தரை நெகிழ்ந்த இடத்தில் குப்புற விழுந்து ஊர்ந்தேன். வெள்ளைக்குள் ஒரு முதுகு தெரிந்தது, இடுப்புக்கு மேல் மட்டும். மண்ணில் நட்ட சிலைபோல் நேராக இருந்தது. மேடைக் குரல் என்னிடம் மிஞ்சவில்லை. சின்ன வயதில் சண்டை போட்டுக்கொண்ட குரல்தான் வந்தது.

"டேய் மடையா! ஒன்ட உம்மா என்னயக் கொன்னுபோடுவா! நெஞ்சுல படுடா! காலக் கழட்டு, பூட்ஸ விடு, படு!"

தலை அசைந்தது. "மச்சான்?" என்றான், தூக்கத்திலிருந்து எழுபவன்போல. "அது நீயா? அப்ப அது ஆரு?"

படுத்தான். அதே கணம் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு தோணியின் மூக்கு வாய்க்காலில் தெரிந்தது. அதில் ஒரு மனிதர் நின்றிருந்தார். சாரம் கட்டியவர், தலையில் துண்டு. தோணி தள்ளும் கம்பை எங்கள் நடுவே போட்டார். அவன் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறு முனையை. இழுத்தேன். மணல் பை ஏற்றி அவன் வளர்த்த கைகள் அவை. அந்தக் கைகளே அவனை இழுத்தன. தோள் பிரிந்துவிடும்போல் இருந்தது. சேறு முதலில் பூட்ஸைக் கேட்டது, கொடுத்தான். அப்புறம் அவனை விட்டது.

மூவரும் இறுகிய தரையில் உட்கார்ந்தோம். அந்த மனிதர் சிலாபப் பக்கத்துச் சிங்கள மீனவர். இறால் வலை எடுக்க வந்தவர். பூட்ஸ் சத்தம் வாய்க்காலை நோக்கி வருவதைக் கேட்டுக் கத்தியிருக்கிறார். கோபத்தில் அவர் தமிழும் சிங்களமும் கலந்து பொரிந்தார்.

"நான் தகுணட்ட போ, தகுணட்ட போ எண்டு சொல்லுறது! நீ ஏன் தம்பி உதுரட்ட, வடக்கால போறது? காது இல்லையா?" என்று கேட்டுக் கையை நீட்டினார். கை தெற்கைக் காட்டியது. "தெக்கு! தெக்கு!"

சிங்களத்தில் தகுண என்றால் வலம். தெற்கும் அதுவே. வானிலை அறிக்கையில் நாள்தோறும் கேட்கிறோம். கடலில் இருப்பவன் வலம் இடம் பார்ப்பதில்லை, திசைதான் பார்ப்பான். அவர் தன் தொழிலின் பொருளில் கத்தினார். இவன் கட்டளையின் பொருளில் திரும்பினான். இரண்டும் பிழையில்லை. அந்த மனிதரிடம் இதை விளக்கியபோது வாயைப் பொத்திக்கொண்டார். நெடுநேரம் தன் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோணியில் ஏறினார். பனி அவரைக் கால்களிலிருந்து தொடங்கி எடுத்துக்கொண்டது.

மச்சானின் பாதங்கள் சேற்றுக் காலுறை போட்டிருந்தன.

"அந்தாளுக்கு என்ன கொரல்? கீச்சுக் கொரல்," என்றான். "எனக்கு அது கேக்கல்ல மச்சான். எனக்குக் கேட்டது ஒன்ட கொரல். சத்தியமா. நீதான் தகுணட்ட எண்டு செல்லுற. ரெண்டு தரமும்."

"நான் தகுணட்ட எண்டு செல்லவே இல்லடா."

"தெரியும். அதத்தான் செல்லுறன்." பனியைப் பார்த்தான். "நான் போகல்ல மச்சான். ஆமிக் காம்புக்குப் போகல்ல. அங்க ஆரு கத்தினாலும் எனக்கு நீ கத்துற மாதிரித்தான் கேக்கும். எங்க போறன் எண்டு பாக்கவும் மாட்டன். உப்பு மூட்டையச் சொமக்கிறன், அது காணும் எனக்கு."

விவாதத்தில் இதற்கு ஆயிரம் மறுப்பு உண்டு. ஆனால் அவன் உடம்பை நான் எங்கே வெறுமையாக்கினேனோ, அந்த இடத்தில் வாதம் நுழைய முடியாது. அங்கே அவனே, தன் சொந்தக் குரலோடு, நுழைய வேண்டும். சொல்லைக் கேட்பவனுக்கு அதன் ஒரு பக்கம்தான் தெரிகிறது. சொல்லுகிறவன் தன் நாக்கால் அதன் எல்லாப் பக்கத்தையும் தொடுகிறான். எழுந்து, அவனுக்கு முன்னால் போய், முதுகைக் காட்டி நின்றேன். அவன் அத்தனை நாள் என் முன்னே நின்ற மாதிரி. எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பனிக்கும், அவனுக்கும், யாரெல்லாம் கேட்டார்களோ அவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"நாளைக்கு இருந்து கட்டளைய நீ செல்லு. காம்புக்குப் போற நாள் வரைக்கும் நீதான் செல்லுற, நான்தான் திரும்புற. பிழையாச் செல்லு, மாத்திச் செல்லு, வானாவ எங்கட வானா எண்டு நெனச்சிச் செல்லு. நீ எங்க திருப்பினாலும் நான் திரும்புறன் மச்சான். அல்லாஹ் மேல சத்தியம், ஏன் எண்டு கேக்க மாட்டன்."